வாசக்கால் வைத்த வீடு

கலைமணி வேலை பார்க்கிற இடத்தில் வீடும் கிடையாது, கதவும் கிடையாது. வெறும் வாசக்கால்தான். ஒரகடத்தில் கார் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், கண்ணாடி செய்கிறார்கள், அதெல்லாம் ஊருக்கே தெரியும். அந்தப் பெரிய கேட்டுகளுக்குப் பின்னால் சர்வீஸ் ரோட்டில் ஒதுங்கி நிற்கிற ஒரு ஷெட்டில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இரும்பு வாசக்கால் செய்கிறார்கள் என்பது அங்கே வேலை பார்க்கிறவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. தகடாகப் போகிறது காலாக மடங்கி வரும். இரண்டு காலையும் மேல்கட்டையையும் வெல்டிங் வைத்துச் சேர்த்து, சாம்பல் நிற பெயின்ட் அடித்து, கலைமணியிடம் அனுப்புவார்கள். அவள் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், கோணலாக இருந்தால் சிவப்பு. இதுதான் வேலை. கேட்கச் சுலபம், நின்று பார்த்தால் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் விஜயராகவன் சார் டிரெயினிங் கொடுத்தார். போர்டில் படம் போட்டு, பக்கவாட்டில் நிற்கிற இரண்டையும் காட்டி, "இதுக்குப் பேரு ஜாம்ப். பிரெஞ்சு பாஷைல ஜாம்ப்னா கால். அங்கேர்ந்துதான் இங்கிலீஷுக்கு வந்துது" என்றார். பின்வரிசையிலிருந்து கலைமணி, "நாங்களும் கால்னுதான் சார் சொல்றோம். வாசக்கால்" என்றாள். சார் சிரித்துவிட்டு, "கரெக்ட், எல்லாருக்கும் ஒண்ணுதான் தோணிருக்கு" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது அவள் புருஷன் பரசுராமனுக்குத் தாங்கவில்லை. தட்டில் கையை வைத்தபடியே சிரித்தார். "எந்த ஊரு வூடா இருந்தா இன்னா, ரெண்டு காலு இல்லாம நிக்குமா?" என்றார். அன்றிலிருந்து அவள் ஷிப்டுக்குக் கிளம்பினால், "இன்னா, கால் புடிக்கக் கெளம்பிட்டியா?" என்பதுதான் அவர் வழியனுப்புகிற லட்சணம்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும். இல்லத்துக்கு வாய் என்பதால் வாயில். அது நம் நாக்கில் புரண்டு வாசல் ஆயிற்று. வாசலுக்குக் கால் வைத்து வாசக்கால். வாய்க்கு எதற்கப்பா கால் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நம் ஆட்கள் எதை நட்டு நிறுத்தினாலும் கால் என்று சொல்லிவிடுவார்கள். பந்தல் போட ஒரு மூங்கிலை நட்டால் பந்தக்கால். தெற்கே இருந்து வருகிறவர்கள் இவ்வளவு சுற்றுவதில்லை. நிற்கிறதா, நிலை. முடிந்தது கதை.

கலைமணியின் சொந்த ஊர் வாலாஜாபாத்துக்கு மேற்கே. பன்னிரண்டாவது முடித்தவுடன் ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்கிற கம்பெனிக்குப் போனாள். அந்தக் கம்பெனியை மூடினார்கள். ஒயர் செய்கிற கம்பெனிக்குப் போனாள். அங்கே கான்ட்ராக்ட் ஆட்களை வெளியே அனுப்பினார்கள். நடுவில் கல்யாணம், நடுவில் பூஜா பிறந்தாள். பரசுராமன் ஒரு பெரிய கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இருந்தார், நிரந்தர வேலை. நல்ல உயரம். அதிகம் பேசமாட்டார், பேசினால் கிண்டல்தான். அவர் பேசிப் பேசி இவள் சிரித்தே குடும்பம் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடாதது ஒன்றுதான், வாடகை வீடு. ஒரகடத்தைச் சுற்றி லைன் வீட்டுக்குப் பஞ்சமா என்ன? ஒரே வரிசையில் தீப்பெட்டி தீப்பெட்டியாகக் கட்டி, ஒரு குழாய், ஒரு மோட்டார், ஆயிரம் சட்டம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சொந்தக்காரர் வந்தால் தங்கக் கூடாது. கறி எடுத்தால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். எல்லா வீட்டு வாசக்காலும் பரசுராமனின் நெற்றி உயரம். வெளியே போனாலும் குனிய வேண்டும், உள்ளே வந்தாலும் குனிய வேண்டும். ஒருநாள் நன்றாக இடித்துக்கொண்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "சொந்தமா கட்டறப்போ ஆறே முக்கா அடில வாசக்கால் வெக்கறேன் பாரு. எவன் வூட்டுக்குள்ள நொழஞ்சாலும் நிமிந்துதான் நொழையணும்" என்றார்.

பரசுராமனின் பூர்வீக வீடு ரோட்டை அகலப்படுத்தியதில் போய்விட்டது. அவர் அண்ணன் ராஜாமணி மறைமலை நகரில் அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்குப் போனார். பரசுராமன் வல்லக்கோட்டை முருகன் கோயிலைத் தாண்டி ஒரு லேஅவுட்டில் மனை வாங்கினார். இரண்டு பேரும் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, ஓ.டி. பார்த்து, அஸ்திவாரம் போட்டார்கள். கலைமணிக்குக் கம்பெனியில் வாசக்கால் மலிவாகவே கிடைத்திருக்கும். சொல்லிப் பார்த்தாள்.

"இரும்புக்கு மஞ்ச பூசுனா ஒட்டுமாடி? உள்ள ரூமுக்கெல்லாம் உன் கம்பெனி காலே போதும். தலைவாசலுக்கு மரம்தான்" என்று ஒற்றைக் காலில் நின்றார் பரசுராமன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் பட்டறை வைத்திருக்கிற சண்முகசுந்தரம் ஆசாரியிடம் போய், வேங்கை மரத்தில் செய்யச் சொன்னார்.

வாசக்கால் வைத்த நாள் ஒரு வளர்பிறை வியாழக்கிழமை. சுவர் எழும்புவதற்கு முன்னால், வாசலுக்கு விட்ட இடத்தில், அதை நிறுத்த வேண்டும். மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து மேல்கட்டையில் தொங்கவிட்டார்கள். காலுக்கு அடியில் பஞ்சலோகத் துண்டு, ஒரு பொட்டுத் தங்கம், கொஞ்சம் நவரத்தினக் கல். வலது காலைப் பரசுராமன் பிடித்துக்கொண்டார், இடது காலைக் கலைமணி. ராஜாமணி கற்பூரம் காட்டினார்.

"நிலை நின்னுட்டுன்னா பாதி வீடு முடிஞ்ச மாதிரி. மிச்சமெல்லாம் சொவருதானே" என்று ஆசாரி தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு ஆசாரி நெல நெலன்ற? வாசக்கால்னு சொல்லேன்" என்றார் ராஜாமணி.

"நீங்க காலுங்கீய, நாங்க நிக்கதுங்கோம். காலு எதுக்கு அண்ணாச்சி? நிக்கத்தானே?" என்றார் ஆசாரி. எல்லோரும் சிரித்தார்கள். பரசுராமன் மட்டும் இந்தப் பக்கம் திரும்பி, "பச்சை ஸ்டிக்கர் கொண்டாந்தியா?" என்று கலைமணியிடம் ரகசியமாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு சுவர் லிண்டல் மட்டம் வரை எழும்பியது. கொத்தனார் போவார், வருவார், சித்தாள் போவாள், வருவாள். அதெல்லாம் நுழைவதில் சேர்த்தியில்லை. பால் காய்ச்சிக் குடும்பமாகக் காலெடுத்து வைக்கிறதுதான் நுழைகிறது. கூரை போட்டு, பூச்சு பூசி, தையில் பால் காய்ச்சிவிடலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

ஐப்பசியில் பரசுராமன் செத்துப்போனார்.

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூங்கினார். எல்லோரும்தான் தூங்குவார்கள். அவர் இறங்க வேண்டிய ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கவில்லை. அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிட்டார்கள். பஸ் வாலாஜாபாத் போய், எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் தோளைத் தொட்டிருக்கிறார். நெஞ்சுவலியாம். யாருக்கும் தெரியாமல் ஒரு மனுஷனுக்கு அப்படியும் வலிக்குமா? பக்கத்து சீட்டில் இருந்தவனுக்குக்கூடத் தெரியவில்லை.

போன் வந்தபோது கலைமணி கம்பெனி வாசலில் இருந்தாள். சொன்னதைக் கேட்டாள். "சரி" என்றாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வரிசையில் நின்று, மெஷினில் விரலை வைத்துப் பஞ்ச் பண்ணினாள். லாக்கரில் டிபன் பாக்ஸை வைத்தாள். ஏப்ரனை எடுத்து மாட்டினாள். பின்னால் வந்த ஸ்ரீமதி, அவளோடு ஒரே மேஜையில் வேலை பார்க்கிறவள், "யார்க்கா போன்ல?" என்று கேட்டாள். "பூஜா அப்பா செத்துட்டாராம்" என்றாள் கலைமணி, பஸ் லேட் என்று சொல்கிற குரலில். ஸ்ரீமதிதான் அலறினாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தாள். அவரேதான். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. உடம்புக்குள் பஞ்சை அடைத்துவைத்த மாதிரி இருந்தது. யாரோ கட்டிப்பிடித்தார்கள், யாரோ கையெழுத்து வாங்கினார்கள். வழியில் போன உயிர் என்பதால் அறுத்துப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் கொடுப்போம் என்றார்கள். பரசுராமனின் கம்பெனி நண்பர்கள் அங்கேயே இருந்துகொண்டு, இவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

லைன் வீட்டு வாசலில் ஜெயம், வீட்டுக்காரம்மா, காத்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நல்லவள்தான், பொய் சொல்லக் கூடாது.

"தப்பா எட்த்துக்காத கலைமணி. உள்ள மட்டும் வேணாம்மா. மத்த குடித்தனமெல்லாம் காலி பண்ணினு பூடுவாங்க. தெருவுல சாமியானா போட்டுக்கலாம். சேரு, ஐஸ் பொட்டி எல்லாம் நானே சொல்லிட்டேன்" என்றாள்.

கலைமணி தெருவைப் பார்த்தாள். ஒரு பக்கம் சாக்கடை, எதிரே பரோட்டாக் கடை, நடுவில் தண்ணீர் லாரி போகிற பாதை. அங்கே அவரைப் படுக்க வைத்தால் லாரி வரும்போதெல்லாம் சேரை ஒதுக்க வேண்டும். அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மூன்றாவது மாடி, பெட்டி லிஃப்டில் ஏறாது, படிக்கட்டில் திரும்பாது. ராஜாமணி அழுது அழுது குரல் கம்மிப்போய், "நேரா சுடுகாட்டுக்கே எட்த்துனு பூட்லாம்மா. வண்டிலயே மாலை போட்டுக்கலாம். இப்பல்லாம் நெறைய பேரு அப்டித்தான் செய்றாங்க" என்றார்.

"நம்ம வூட்டுக்கு எட்த்துனு வரச் சொல்லுங்க மாமா" என்றாள் கலைமணி.

"எந்த வூட்டுக்கு?"

"வல்லக்கோட்டைக்கு. வேற எந்த வூடு கீது நமக்கு?"

சொல்லிவிட்டு, பூஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். வேறு வழியில்லாமல் ராஜாமணியும், பின்னாலேயே நாலைந்து சொந்தக்காரர்களும், ஸ்கூட்டியில் ஸ்ரீமதியும் போனார்கள்.

அங்கே போய் நின்றதும் ராஜாமணி பிடித்துக்கொண்டார். பாவம், அவர் கெட்டவர் இல்லை. தம்பியைப் பறிகொடுத்தவர். ஆனால் இருக்கிறவர்களைப் பற்றியும் யாராவது யோசிக்க வேண்டுமே, அந்தப் பொறுப்பு தலையில் விழுந்துவிட்டது.

"யோசிச்சுதான் பேசறியாம்மா? வாசக்கால் வெச்சா அது வூடு. பால் காய்ச்சாத வூடு. அதுல மொதமொதல்ல பொணம் நொழஞ்சா அப்பறம் அதுல யாரு குடியிருப்பா? சொந்தக்காரன் ஒருத்தன் படியேறுவானா? நாளைக்கு இந்தப் பொண்ணக் கேட்டு எவன் வருவான்? சாவு வூடுன்னே பேரு நின்னுடும்மா. வித்தாக்கூட எவனும் வாங்கமாட்டான்."

"தெருவுல கெடத்தச் சொல்றீங்களா அவர?"

"நான் அப்டி சொல்லல." ராஜாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அந்த வாசக்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "ஒண்ணு பண்லாம். வாசக்கால எட்த்துடலாம்" என்றார்.

"எட்த்து?"

"வாசக்கால் இல்லன்னா அது வூடே இல்ல, வெறும் செவுரு. காலி மனையில வெச்ச கணக்குதான். காரியம் எல்லாம் முடியட்டும். அப்பறம் ஒரு நல்ல நாளாப் பாத்து திரும்பி நட்டுக்கலாம். எந்தக் கொறையும் வராது."

கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். யோசனை மோசமில்லை, ஒத்துக்கொள்ள வேண்டும். செத்தவனும் தன் மனையில் கிடப்பான், இருக்கிறவர்களின் வீடும் தப்பிக்கும். யாரோ ஆசாரிக்குப் போன் போட்டார்கள். கதவு இழைத்துக்கொண்டிருந்த சண்முகசுந்தரம் உடம்பெல்லாம் தூளோடு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். கடப்பாரையைக் கீழே போட்டார்.

"எடுக்கலாம் தாயி" என்றார் கலைமணியிடம். "காலு பக்கத்துச் செங்கல ஒடச்சு, சொவத்துல பதிச்ச கொக்கிய அறுத்தா வந்துரும். ஆனா ஒண்ணு சொல்லுதேன். எங்க பக்கம் நிலைய எடுக்கான்னா வீட்ட இடிக்கப் போறான்னு அர்த்தம். குடி போயிட்டுன்னு அர்த்தம். திரும்பி வச்சுக்கிடலாம், மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க. எடுக்கச் சொன்னா எடுக்கேன்."

எல்லோரும் கலைமணியைப் பார்த்தார்கள். அவள் கிட்டே போய் நின்றாள். வேலைப் பழக்கம், கண் தன்னால் மூலைக்குத்தான் போனது. சரியாக இருந்தது. மஞ்சள் காய்ந்து உதிர்ந்து, குங்குமம் மட்டும் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் கை வைத்தாள். எதுவும் தோன்றவில்லை. காலையிலிருந்து எதுவுமே தோன்றவில்லை. துக்கம் என்றால் இப்படியா இருக்கும்? தன் மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்தச் செங்கல்லை உடைக்கிற சத்தத்தை அவளால் கேட்க முடியாது.

"எடுக்க வாணாம் ஆசாரி" என்றாள். "நான் இப்பவே பால் காய்ச்சறேன்."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை.

"பால் காய்ச்சிட்டா குடிவந்த வூடு. குடிவந்த வூட்ல சாவு எல்லார் வூட்லயும்தான் விழுது" என்றாள் கலைமணி. "ஸ்ரீமதி, கடையாண்ட போயி பாலு வாங்கினு வா. ஒரு புதுப் பாத்திரம், ரெண்டு டம்ளரு, மஞ்சத்தூளு, குங்குமம், கற்பூரம்."

"அடியே, தீட்டு!" என்று ஒரு கிழவர் கத்தினார். சொந்தத்தில் ஒரு அத்தை தலையிலேயே அடித்துக்கொண்டாள். ராஜாமணிக்குக் கோபம் வந்துவிட்டது, உண்மையான கோபம்.

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? என் தம்பி அங்க பொணமாக் கெடக்கறான், இங்க நீ கிரகப்பிரவேசம் பண்றியா? ஊரு காறித் துப்பும். தையில இல்லாட்டி போவட்டும். ஒரு வருஷம் கழிச்சுப் பண்ணு, யாரு வாணான்னா?"

கலைமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒரு வருஷம் கழிச்சு யாரு பண்ணுவா மாமா? இப்ப என் கழுத்துல தாலி கீது. நெத்தில பொட்டு கீது. காரியத்தன்னிக்கு நீங்கள்லாம் சேர்ந்துதான அத எறக்குவீங்க? அப்பறம் இந்த வூட்டுக்குப் பால் காய்ச்ச என்ன வுடுவீங்களா? நடு வூட்ல அடுப்பாண்ட என்ன நிக்கத்தான் வுடுவீங்களா? வேற யாராவது ஜோடியக் கூட்டினு வந்து காய்ச்சச் சொல்வீங்க. நானு ஓரமா நின்னு பாக்கணும். நாங்க ரெண்டு பேரும் புடிச்சு நட்ட வாசக்காலு இது. இன்னிக்கு விட்டா எனக்கு ஏது நாளு?"

தலையில் அடித்துக்கொண்டிருந்த அத்தை கையை இறக்கிவிட்டாள். அவள் புருஷனை இழந்து ரொம்ப வருஷம் ஆகிறது. சொந்த மகன் வீட்டுப் பால் காய்ச்சலில் பின்வரிசையில் உட்கார்ந்தவள். "அவ சொல்றது நெசந்தான?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

ஸ்ரீமதி அதற்குள் ஸ்கூட்டியை உதைத்துவிட்டாள்.

பால் வந்தது. ஆசாரி தன் பட்டறைப் பையனுக்குப் போன் போட்டு இழைப்புச் சுருளும் துண்டுக் கட்டையும் ஒரு சாக்கில் கொண்டுவரச் சொன்னார். கலைமணி தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு, வாசக்காலுக்குப் புதிதாக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பூஜா பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான் எந்தக் காலு வெக்கணும்?" என்று கேட்டாள். "வலது" என்றாள் கலைமணி. இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

கூரையில்லாத வீடு. மேலே வானம், கீழே ஜல்லியும் சிமென்ட் தூளும். மூன்று செங்கல்லைக் கூட்டி, கட்டையை வைத்து, பாத்திரத்துக்குப் பொட்டிட்டு ஏற்றினாள். புகை கண்ணில் அடித்தது. அப்போதுகூடத் தண்ணீர் வரவில்லை. வெளியே நின்றவர்களில் அத்தை மட்டும் வாசக்கால்வரை வந்து, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றாள். "வாங்க அத்தை" என்றாள் கலைமணி. அத்தை வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டையைத் தள்ளிவிட்டாள்.

பால் பொங்கியது. கிழக்கே பொங்கியதா வடக்கே பொங்கியதா என்று யாரும் பார்க்கவில்லை. ரோட்டில் ஆம்புலன்ஸ் திரும்புகிற சத்தம் கேட்டது.

நண்பர்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலையைச் சுற்றித் துணி, தாடைக்குக் கட்டு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. வாசக்காலுக்கு முன்னால் வந்ததும் தயங்கி நின்று, ராஜாமணியைப் பார்த்தார்கள். அவர் தானே போய், முன்னால் தூக்கியிருந்தவனை நகர்த்திவிட்டு, தம்பியின் கால்மாட்டைப் பிடித்தார்.

"வாங்க" என்றார்.

வலது கால், இடது கால் என்று வைக்க வழியில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் நுழைந்தன. கூடத்துக்கு என்று குறித்து வைத்திருந்த இடத்தில், கோரைப்பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். பெண்கள் ஓவென்று ஆரம்பித்தார்கள். பூஜா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். கலைமணி மட்டும் அடுப்பிலிருந்து பாலை இறக்கி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, இரண்டு டம்ளராக ஆற்றினாள். நுரை வர ஆற்றினாள். புது வீட்டுப் பாலை முதலில் வீட்டுக்காரருக்குத்தானே கொடுக்க வேண்டும்?

அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தாடைக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தி, டம்ளரைச் சாய்த்தாள். பால் உதட்டில் பட்டு, ஓரமாக வழிந்து கழுத்துக்குப் போனது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி கொஞ்சம் ஊற்றினாள். அதுவும் வழிந்தது. மூன்றாவது தடவை சாய்க்கப் போனவள் நின்றுவிட்டாள். டம்ளருக்குள் பார்த்தாள். தன் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சக்கர போடல" என்றாள்.

யாருக்கும் காதில் விழவில்லை.

"சக்கர போடலடி ஸ்ரீமதி. அவரு சக்கர இல்லாம குடிக்க மாட்டாருடி. கொமட்டும் அவருக்கு. ஐயோ, வாயில ஊத்திட்டேனே, சப்புன்னு ஊத்திட்டேனே…"

டம்ளர் கையிலிருந்து விழுந்தது. காலையிலிருந்து வராதது எல்லாம் அப்போதுதான் வந்தது. அவர் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அறுத்துத் தைத்த இடம் என்றுகூடப் பார்க்காமல், "சக்கர வாங்கச் சொல்லலியே, மறந்துட்டனே" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். ஸ்ரீமதி பிடித்துத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. அத்தை, "அழட்டும், வுடு" என்றாள்.

ராஜாமணி எழுந்தார். தோளில் இருந்த துண்டு கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "நானு வாங்கினு வரேம்மா, இதோ வாங்கினு வரேன்" என்று அழுதுகொண்டே, செருப்புப் போடாமல், வெயிலில் கடைப்பக்கம் ஓடினார்.